கதிரையும் பைலாவும்

யாழ்ப்பாணம் முற்றவெளியில் 2024 பெப்ரவரி 9ஆம் திகதி இரவு பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடைபெற்றபோது, தடுப்பு வேலிகளைத் தள்ளிக்கொண்டு கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்ததையும், நிகழ்ச்சி இடைநடுவில் தடைப்பட்டதையும் உலகெங்குமுள்ள தமிழர்கள் தங்கள் கைத்தொலைபேசிகளில் கண்டார்கள். அடுத்த நாள் முதலே தீர்ப்புகள் வரத் தொடங்கின. எங்கள் இளைஞர்கள் கட்டுப்பாடு இழந்துவிட்டார்கள் என்று ஒரு சாரார் வருந்தினர். இவ்வளவு இழப்பைச் சுமந்த மண்ணில் களியாட்டம் எதற்கு என்று இன்னொரு சாரார் கேட்டனர். இரண்டு குரல்களுமே எனக்குப் புதியவையாகத் தோன்றவில்லை. இந்தத் தீவில் ஒரு கூட்டம் இருக்கையை விட்டெழுந்து ஆடத் தொடங்கும்போதெல்லாம் இவை ஒலித்திருக்கின்றன. ஆகவே அந்த ஓரிரவைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், கேட்க வந்த கூட்டம் ஆடும் கூட்டமாக மாறிய கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்ப்பது நல்லது.

நாங்கள் அமரும் ஆசனத்துக்கு இலங்கைத் தமிழில் 'கதிரை' என்று பெயர். தமிழகத்து நண்பர்கள் இந்தச் சொல்லைக் கேட்டு வியப்பதுண்டு. அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அலுமாரி, சப்பாத்து, பாண் என்பனவும் அவ்வழி வந்தவையே. அதே போர்த்துக்கேயர்தான் கதிரையை விட்டு மனிதரை எழுப்பும் இசையையும் இங்கே விட்டுச்சென்றார்கள். 'பைலா' என்பது ஆடுதல் என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்தது. அவர்கள் 1505இல் கரையோரத்தில் வந்திறங்கினார்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தை முற்றாக விழுங்கினார்கள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்து வெளியேறினார்கள். கோட்டையை ஒல்லாந்தர் திருத்திக் கட்டினார்கள். மதத்தையும் மாற்ற முயன்றார்கள். பாட்டை மட்டும் அவர்களால் மாற்ற முடியவில்லை.

அந்தப் பாட்டைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் ஏழைகள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் தமிழர்களுக்கிடையே வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் அவர்களில் ஒரு பகுதியினர். தச்சு வேலை, இரும்பு வேலை, தையல் எனக் கைத்தொழில்களைச் செய்து வாழ்ந்த சமூகம் அது. வீட்டில் ஒருவகைக் கலப்புப் போர்த்துக்கேய மொழியும் வெளியில் தமிழும் பேசினார்கள். அவர்களுடைய திருமண வீடுகளில் வயலின் இசைக்க 'கப்றிஞ்ஞா' ஆட்டம் இன்றும் ஆடப்படுகிறது. கென்னத் டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தச் சமூகத்தின் பாடல்களைத் திரட்டி 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் 'வெட்கமின்றிப் பாடு' என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதும் ஏறத்தாழ அந்த வெட்கத்தைப் பற்றித்தான்.

இன்னொரு பகுதியினர் காப்பிரியர். போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள். புத்தளத்துக்கு அருகே சிரம்பியடி என்ற ஊரில் இவர்களின் சிறு குடியிருப்பு ஒன்று இருக்கிறது. மேடையும் ஒலிபெருக்கியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மேளம், தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல் ஆகியவையே வாத்தியங்கள். மெதுவாகத் தொடங்கும் பாட்டு வரவர வேகம் எடுக்கும். இருந்து பாடியவர்கள் எழும்புவார்கள். முதிய பெண்கள்தான் முதலில் எழும்புவார்கள். பாடுபவர் யார், பார்ப்பவர் யார் என்ற பிரிவு சற்று நேரத்தில் இல்லாமற்போய்விடும். இன்று பெரும் பொருட்செலவில் ஒளிவிளக்குகளுடன் நடத்தப்படும் நிகழ்ச்சிகள் எதை உண்டாக்க முயல்கின்றனவோ, அதை அவர்கள் ஒரு போத்தலையும் ஒரு கரண்டியையும் கொண்டு உண்டாக்கினார்கள்.

இந்தக் கரையோர இசையைக் கொழும்பின் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர் என்று வொலி பஸ்தியனைச் சொல்வார்கள். அவர் போக்குவரத்துப் பொலிஸில் பணியாற்றியவர். 1940களில் கப்றிஞ்ஞாவின் தாளத்துக்குச் சிங்களச் சொற்களைக் கட்டிப் பாடினார். அக்காலத்தில் 'வாத பைலா' என்றொரு போட்டி நடந்தது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ஒருவர் சார்பாகவும் மற்றவர் எதிராகவும் மேடையிலேயே பாட்டுக் கட்டிப் பாடவேண்டும். எங்கள் பட்டிமன்றத்துக்குத் தாளம் போட்டது போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் வென்றார் என்பதைக் கூட்டத்தின் ஆரவாரமே தீர்மானித்தது. பார்வையாளரை நீதிபதியாக்கிய கலை அது. நீதிபதி நெடுநேரம் கதிரையில் இருக்கவில்லை.

பைலாவின் தாளம் எட்டில் ஆறு என்ற கணக்கில் அமைந்தது. கர்நாடக இசை அறிந்தவர்கள் அதைத் திஸ்ர நடைக்கு நெருங்கிய உறவு என்பார்கள். காவடிச்சிந்தும் பெரும்பாலும் திஸ்ர நடையில்தான் செல்கிறது. தமிழ்க் காதுக்குப் பைலா அந்நியமாகப் படாததற்கு இது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். மூன்று மூன்றாக உருளும் அந்த நடை, கேட்பவனின் காலை ஒரு பக்கத்துக்கும் இடுப்பை மறு பக்கத்துக்கும் தள்ளுகிறது. கூடவே, ஒவ்வொரு அடிக்கும் பின்னர் எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய பல்லவி வருகிறது. பாட்டு முன்பின் தெரியாதவனும் மூன்றாவது சுற்றில் அதைப் பாடிவிடலாம். பாடத் தொடங்கியவனுக்குக் கூச்சம் பாதி போய்விடும். மிச்சப் பாதி பக்கத்தில் நிற்பவன் ஆடுவதைக் கண்டதும் போகும்.

மதிப்பு மட்டும் இந்த இசைக்கு இலகுவில் கிடைக்கவில்லை. 1952இல் இலங்கை வானொலியின் கலைஞர்களைத் தரப்படுத்த வட இந்தியாவிலிருந்து பண்டிதர் ரத்தன்ஜங்கர் அழைக்கப்பட்டார். இராகம் தெரிந்தவர்களுக்கு அது நல்ல காலம். பைலாக்காரர்களோ நீர்கொழும்பிலும் மொறட்டுவையிலும் வாழ்ந்த கரையோரக் கத்தோலிக்கர்கள். மீனவர்கள், தச்சர்கள், சிறு தொழில் செய்வோர். குடிகாரர் பாட்டு, பறங்கியர் கூத்து என்று சிங்களப் பண்பாட்டுக் காவலர்கள் அதை ஒதுக்கினார்கள். அதற்குச் சமமான ஒதுக்கலை எங்கள் பக்கத்திலும் காணலாம்.

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் பெரியமேளமும் சின்னமேளமும் இருந்தன. பெரியமேளம் என்பது நாதஸ்வரமும் தவிலும். சின்னமேளம் என்பது நடன மாதரின் ஆட்டம். பின்னதை ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே கடுமையாகக் கண்டித்தார். அது கோயிலுக்கு ஏற்றதல்ல என்பது அவர் வாதம். நாவலர் சொல்லியும் கூட்டம் குறையவில்லை என்பது வேறு கதை. பெரியமேளத்துக்கோ விடிய விடியக் கூட்டம் நின்றது. 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்பதற்காகவே ஊர்விட்டு ஊர் சைக்கிள் உழக்கிச் சென்றவர்களின் கதைகளை என் தந்தையின் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தனி ஆவர்த்தனம் உச்சத்துக்கு ஏறும்போது மணலில் இருந்தவர்கள் தம்மை அறியாமல் எழுந்து நிற்பார்களாம். எழுந்து நிற்பதோடு சரி. ஆடுவதில்லை.

ஆடுவதற்கு எங்களுக்கு நேர்த்தி ஒன்று வேண்டியிருந்தது. தோளில் காவடி இருந்தால் உத்தியோகத்தரும் நடுவீதியில் ஆடலாம். அதைக் குறை சொல்ல ஒருவருக்கும் நா எழாது. காவடியை இறக்கிவைத்த பின்னர் அதே மனிதர் தோளைக்கூட அசைக்கமாட்டார். இதற்குள் சாதியும் இருந்தது. பறை வாசித்தவர்களின் தாளம் சாவீட்டுக்கும் கோயிலுக்கும் வேண்டப்பட்டது. வாசித்தவர்களோ எட்டத்தில் நிறுத்தப்பட்டார்கள். ஆடுகிறவன், கூத்தாடி என்ற சொற்கள் எங்கள் ஊரில் வசைச்சொற்களாகப் பயன்பட்டதை மறந்துவிட்டு, யாழ்ப்பாணத்தாரின் 'அடக்கத்தை' மட்டும் தனியே எடுத்துப் புகழ்வது சரியாகாது.

இந்தப் பின்னணியில்தான் 1960களின் பிற்பகுதியில் ஈழத்துத் தமிழ் பொப் இசை பிறக்கிறது. 'துள்ளிசை' என்று அதற்குத் தமிழில் பெயரிட்டார்கள், பொருத்தமான பெயர். சிங்கள இசையில் அப்போது கிற்றார் அலை வீசிக்கொண்டிருந்தது. 1966இல் உருவான மூன்ஸ்டோன்ஸ் குழுவின் கிளாரன்ஸ் விஜேவர்தன மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். ஜெட்லைனர்ஸ் போன்ற குழுக்கள் கொழும்பு ஹொட்டல்களில் ஆங்கிலப் பாடல்களுக்கு ஆடவைத்தன. அவ்வழி வந்த டெஸ்மன்ட் த சில்வா, மேல்தட்டினரின் நடனத் தளத்துக்கே பைலாவைக் கொண்டுபோய், பைலா மன்னர் என்று பெயர் பெற்றார். அவர் 2022 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவில் காலமானார்.

தமிழில் முதலில் துணிந்தவர் நித்தி கனகரத்தினம். அவருடைய 'சின்ன மாமியே' பாடலை அறியாத ஈழத்தவர் அரிது. அதில் உயர்ந்த கவித்துவம் எதுவும் இல்லை. அதன் சிறப்பே அதுதான். யாழ்ப்பாணத்தான் படலையடியில் நின்று பேசும் தமிழ் அப்படியே பாட்டுக்குள் வந்துவிட்டது. மாமியும் மச்சாளும் கள்ளுக்கடையும் பாட்டின் பொருளாகினர். அதுவரை இலங்கைத் தமிழ் மெல்லிசை தமிழகத் திரைப்பாட்டின் நிழலில் நின்றது. இது நிழலை விட்டு வெளியே வந்து வெயிலில் ஆடியது. எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்டனி சிவானந்தன் எனப் பலர் தொடர்ந்து வந்தார்கள். இலங்கை வானொலி அவர்களின் குரலைக் கடல்கடந்தும் எடுத்துச் சென்றது.

மேடையை முழுமையாகக் கட்டி ஆண்டவர் ஏ. ஈ. மனோகரன். பொப் இசைச் சக்கரவர்த்தி என்ற பட்டம் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அவருக்கு முன்னர் இங்கே தமிழ்ப் பாடகர் ஒருவர் மேடையில் நிற்கும் முறையே வேறு. ஒலிவாங்கிக்கு முன்னால் அசையாமல் நின்று, கையிலுள்ள கொப்பியைப் பார்த்துப் பாடிவிட்டு வணக்கம் சொல்லிப் போவார். மனோகரன் நீண்ட முடியும் பளபளக்கும் உடையுமாக மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆடினார். பாடும்போதே கூட்டத்தோடு பேசினார். பல்லவியைக் கூட்டத்திடம் எறிந்து திருப்பிப் பிடித்தார். 'சுராங்கனி' பாடலில் தமிழும் சிங்களமும் ஒரே அடிக்குள் தோள்மேல் கைபோட்டு நடந்தன. மீன் கொண்டுவந்திருப்பதாக ஒரு பெண்ணிடம் சொல்லும் அந்த எளிய பாட்டு, 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தின் வழியாகத் தமிழகத் திரைக்கும் போய்ச் சேர்ந்தது. மனோகரனும் பின்னர் அங்கு போய்ச் சேர்ந்தார். தென்னிந்தியப் படங்கள் பலவற்றில் அடியாளாகவும் வில்லனாகவும் நடித்தார். மேடையில் ஆயிரக்கணக்கானோரை ஆட்டுவித்தவரை, கதாநாயகனிடம் அடிவாங்கும் ஒருவராகத் திரையில் பார்ப்பது எனக்கு எப்போதும் சங்கடமாகவே இருந்தது. 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமானார்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி எனப் பல குழுக்கள் இயங்கின. 'கோஷ்டி' என்று சொன்னாலே போதும். கோயில் வீதியில் வெள்ளிரவு காத்திருக்கிறது என்று பொருள். அவர்கள் பக்திப் பாடலில் தொடங்கித் திரைப்பாட்டுக்கு வந்து, நடுச்சாமத்துக்குப் பின்னர் பொப் பாடல்களை எடுப்பார்கள். பெரியவர்கள் சால்வையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நேரமும் பின்வரிசைப் பொடியன்கள் முன்னுக்கு வரும் நேரமும் ஒன்றுதான். நான் அப்போது சிறுவன். பாதி நித்திரையில் இதைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் தங்கள் பாயிலிருந்து எழும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். துள்ளிசை ஆண்களுக்கு மட்டுமே துள்ளக் கொடுத்தது.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் தெற்கில் காட்சி பெரிதாக மாறியது. ஒலிபெருக்கிகள், விசைப்பலகைகள், ஒலிநாடாக்கள் எல்லாம் வந்து குவிந்தன. திறந்தவெளி 'மியூசிக்கல் ஷோ' ஒவ்வொரு ஊர் மைதானத்துக்கும் வந்தது. மொறட்டுவையில் அன்ரன் பெரேரா தம் பிள்ளைகளைக் கொண்டு தொடங்கிய ஜிப்சீஸ் குழு, சுனில் பெரேராவின் தலைமையில் நாட்டின் மிகப்பெரிய மேடைக்குழுக்களில் ஒன்றாக வளர்ந்தது. சுனில், கூட்டத்தை ஆடவைத்துக்கொண்டே அரசியல்வாதிகளையும் மதவாதிகளையும் கேலி செய்வார். ஆடுகிறவன் அதைக் கேட்கமாட்டான் என்று எண்ணுவது தவறு. வாத பைலாவின் குணம் அவரிடம் எஞ்சியிருந்தது.

இந்த நிகழ்ச்சிகளுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. பின்னணிக் குழு ஒன்று இரவு முழுவதும் மேடையில் இருக்கும். பாடகர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து இரண்டு மூன்று பாடல்கள் பாடுவார்கள். முதல் பாதியில் காதல் சோகம். கூட்டம் கதிரையில் இருந்து கச்சான் கொறிக்கும். நடுச்சாமம் தாண்டியதும் 'நொன்ஸ்ரொப்' தொடங்கும். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டு அதே தாளத்தில் அதன் வாலைப் பிடித்துக்கொள்ளும். இருபது முப்பது பாடல்கள் மூச்சுவிடாமல் ஓடும். இதன் சூட்சுமம் எளிமையானது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அமைதி இருந்தால்தான் மனிதனுக்குத் தன்னைப் பற்றிய நினைவு வரும், கூச்சம் திரும்பும், கதிரையைத் தேடுவான். அந்த அமைதியை எடுத்துவிட்டால் அவன் ஆடிக்கொண்டேயிருப்பான். சாராயமும் தன் பங்கைச் செய்தது. அடிதடியில் முடிந்த நிகழ்ச்சிகளும் உண்டு. அவற்றை எல்லாம் மூடிமறைத்து இதைப் புனிதப்படுத்த நான் முயலவில்லை.

தெற்கில் இவ்வாறு இரவுகள் நீண்டுகொண்டு போகையில், வடக்கில் இரவு சுருங்கியது. 1983க்குப் பின்னர் மாலை ஆறு மணிக்கு மேல் வீதியில் நிற்பதே ஆபத்தானது. கோஷ்டிகள் கலைந்தன, கிற்றார் வாசித்தவர்கள் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனார்கள். 1990இல் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலியும் ஒலிநாடாவும் கேட்டோம். சுற்றுகிறவனின் கை களைத்தால் பாடகரின் குரலும் களைக்கும். அந்தக் காலத்தில் இசைக்கு வேறு கடமைகள் இருந்தன. எழுச்சிப் பாடல்கள் வந்தன. அவற்றுக்கும் கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்தின் உணர்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது எழுந்து நின்ற கூட்டம், ஆடிய கூட்டமல்ல.

1990களின் நடுப்பகுதியில் நான் கொழும்பில் பத்திரிகையாளன். வத்தளைப் பக்கத்து மைதானம் ஒன்றில் நடந்த ஷோவுக்கு, எங்கள் விடுதியில் தங்கியிருந்த இரண்டு தமிழ் இளைஞர்களுடன் போயிருந்தேன். இருவரும் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்கள். சிங்களத்தில் தேநீர் கேட்கவே தயங்குபவர்கள், பைலாப் பாடல்களை அட்சரம் பிசகாமல் பாடினார்கள். முன்பின் தெரியாத சிங்கள இளைஞன் ஒருவன் ஒருவனைத் தோளில் தூக்கிவைத்து ஆடினான். அந்த இரண்டு மணித்தியாலமும் எவனும் எவனிடமும் பெயர் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் முச்சக்கரவண்டி நிறுத்தப்பட்டது. அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. பொலிஸ் பதிவுத் துண்டு எங்கே, இந்த நேரத்தில் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேள்விகள். ஷோவுக்குப் போனோம் என்றார்கள். கேள்வி கேட்டவருக்கு அது நம்பும்படியாக இல்லை. யாழ்ப்பாணத்துப் பொடியன் பைலா ஆடப் போவானா? ஒருவனைப் பாடிக் காட்டச் சொன்னார். துப்பாக்கிக்கு முன்னால் நின்று அவன் பாடினான். விட்டுவிட்டார்கள். விடுதிக்கு வந்து சேரும்வரை மூவரும் பேசவில்லை. பைலா எங்களை ஒன்றாக்கியது என்று யாராவது இலகுவாக எழுதும்போது எனக்கு அந்த மைதானமும் நினைவுக்கு வரும். அந்தச் சாவடியும் நினைவுக்கு வரும்.

கொழும்பின் இசைக் கூட்டங்களும் இரத்தத்துக்குத் தப்பவில்லை. 2004 டிசெம்பர் 11ஆம் திகதி குதிரைப்பந்தயத் திடலில் ஷாருக்கான் உள்ளிட்ட இந்தி நட்சத்திரங்களின் நிகழ்ச்சி நடந்தது. சோம தேரரின் முதலாமாண்டு நினைவு நாளையொட்டி அதை நடத்தக்கூடாது என்று பிக்குகள் எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். நிகழ்ச்சியின்போது கைக்குண்டு வெடித்து இருவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் பத்திரிகைப் படப்பிடிப்பாளர். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். துக்க நாளில் களியாட்டமா என்ற கேள்வி எந்த எல்லைவரை போகக்கூடும் என்பதை அந்த இரவு காட்டியது.

போர் முடிந்த பின்னரும் காவலர்கள் ஓயவில்லை. 2010இல் அமெரிக்கப் பாடகர் ஏகொனுக்கு விசா மறுக்கப்பட்டது. அவருடைய காணொளி ஒன்றில் புத்தர் சிலை தெரிந்ததாம். 2015 டிசெம்பரில் என்றிக்கே இக்லேசியஸ் கொழும்பில் பாடியபோது சில பெண்கள் மேடைக்கு ஏறி அவரை முத்தமிட்டார்கள். உள்ளாடை ஒன்றும் மேடையை நோக்கிப் பறந்தது. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ஏற்பாட்டாளர்களைத் திருக்கை வாலால் அடிக்கவேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் சொன்னார். திருக்கை வாலின் மகிமையை அறிந்த எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலர் அன்று சிங்கள ஜனாதிபதி ஒருவரோடு முதன்முறையாக மனமொத்துப் போயிருப்பார்கள்.

இனி முற்றவெளிக்கு வருவோம். ஒரு பக்கத்தில் போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் முடித்த கோட்டை. அண்மையில் மத்திய கல்லூரி மைதானம், அங்கே சென். ஜோன்ஸ் கல்லூரியுடனான 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெட் ஆட்டத்தில் பழைய மாணவர்கள் பாண்ட் வாத்தியத்துக்கு ஆடுவதை யாரும் குற்றம் சொல்வதில்லை. இன்னொரு பக்கத்தில் வீரசிங்கம் மண்டபம். 1974 ஜனவரி 10ஆம் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மண்டபம் கொள்ளாமல் வெளியே தரையில் அமர்ந்திருந்தார்கள். பொலிஸார் கூட்டத்தைக் கலைத்தனர். மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேர் இறந்தனர். அது ஆடிய கூட்டமல்ல. பேச்சைக் கேட்க அடக்கமாக அமர்ந்திருந்த கூட்டம். அவர்களுக்கான நினைவுத்தூண்கள் அந்த வெளியோரம் நிற்கின்றன. அந்த இடத்தில் ஆடுவதா என்று கேட்பவர்களின் மனத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் குடாநாட்டில் சாவு விழாத திடல் ஒன்றைக் காட்டும்படி அவர்களிடம் கேட்டால் எதைக் காட்டுவார்கள்?

2023 ஒக்டோபரில் அதே முற்றவெளியில் சந்தோஷ் நாராயணனின் 'யாழ் கானம்' இலவசமாக நடந்தது. பெருங்கூட்டம் வந்தது, ஆடியது, வீட்டுக்குப் போனது. நான்கு மாதங்களின் பின் நடந்த நிகழ்ச்சியில் கட்டணம் செலுத்தியோருக்கும் ஏனையோருக்கும் இடையில் வேலிகள் இருந்தன. பின்னால் நின்றவர்களுக்கு மேடை தெரியவில்லை. வேலி விழுந்தது. இளைஞர்கள் செய்தது சரியென்று நான் வாதாட வரவில்லை. கதிரைகளும் கருவிகளும் உடைந்தன, பெண்களும் குழந்தைகளும் அஞ்சினார்கள். ஆயினும் தெற்கில் நாற்பது ஆண்டுகளாகத் திறந்தவெளிக் கூட்டங்களை நடத்தி, எங்கே வழிவிடவேண்டும், எங்கே கதிரை போடக்கூடாது என்று கற்றுக்கொண்டார்கள். அந்த நாற்பது ஆண்டுகளில் பெரும்பகுதியை வடக்கு ஊரடங்கில் கழித்தது. கூட்டத்தை நடத்தும் பழக்கமும் கூட்டமாக இருக்கும் பழக்கமும் ஒரே காலத்தில் அறுந்துபோயின. இதைப் பண்பாட்டுச் சீரழிவு என்று எழுதுவது இலகு. வேலியை யார், எந்த இடத்தில், எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று விசாரித்து எழுதுவது கடினம். பெரும்பாலான பத்திரிகைகள் முதலாவதையே செய்தன.

அதே கேள்வி புலம்பெயர்ந்த நாடுகளிலும் உண்டு. 2012 நவம்பரில் ரொறன்ரோவில் இளையராஜாவின் நிகழ்ச்சி ஏற்பாடாகியபோது, மாவீரர் மாதத்தில் கொண்டாட்டம் வேண்டாம் என்று எதிர்ப்பு எழுந்தது. நிகழ்ச்சி 2013 பெப்ரவரியில் நடந்தது. மாதத்தை மாற்றினால் போதுமாக இருந்தது என்பது ஒரு வகையில் ஆறுதலான செய்திதான். ஒரு நாளைத் துக்கத்துக்கும் இன்னொரு நாளை ஆட்டத்துக்கும் பங்கிட்டுக்கொள்ளச் சமூகம் ஒன்றுக்கு முடிந்தது.

சுனில் பெரேரா 2021 செப்டெம்பர் 6ஆம் திகதி காலமானபோது நாடு பெருந்தொற்றுக்காக முடக்கப்பட்டிருந்தது. ஐம்பது ஆண்டுகள் கூட்டத்தோடு வாழ்ந்தவர் கூட்டமின்றிப் போனார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, மேளக் கச்சேரிக்காரர் போய், விளக்குகள் மங்கி, ஆங்கிலப் பாடல்கள் சில ஓடின. இளையவர்கள் மட்டும் ஆடினார்கள். பிறகு 'சுராங்கனி' தொடங்கியது. சுவரோரக் கதிரைகளில் இருந்த ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். முழங்கால் வலி என்று மாலை முழுவதும் முறையிட்ட என் மச்சாளும் அவர்களோடு எழும்பிப் போய் ஆடினார். அவருடைய பேத்தி என்னிடம் வந்து, இது என்ன மொழி என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பாதி தமிழ், பாதி சிங்களம் என்றேன். அம்மம்மாவுக்குச் சிங்களம் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள்.